பழைய செட்டிநாட்டு வீட்டில் ஓவர்லோடு: பெரிய எம்சிபி போட்டால் தீருமா?

கேள்வி இது: "பள்ளத்தூர் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் போடும் நாள்) கல்யாணத்துக்கும் எல்லோரும் கூடும்போது எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்சு) விழுந்துகொண்டே இருக்கிறது. 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

தயவுசெய்து போடாதீர்கள். காரைக்குடியைச் சுற்றி வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். இந்த ஒரு விஷயத்தை வீட்டுக்காரர்களிடம் மன்றாடியே சொல்வேன்.

எம்சிபி இருப்பது வயருக்குக் காவலாக. உங்கள் வீட்டில் அநேகமாக 1/18 அல்லது 3/22 என்ற பழைய அளவு வயர் ஓடிக்கொண்டிருக்கும், அதாவது சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர் செம்பு. புதிதாக இருந்தபோதே அது 12 ஆம்பியர் பக்கம்தான் தாங்கும். 32 ஆம்பியர் எம்சிபி என்றால் 32-ல் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும், அதன் அமைப்பே அப்படி. 12 தாங்கும் வயரில் 36 போனால் மின்சாரம் மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு. உங்கள் வயருக்கு 16 எம்சிபியே அதிகம். 10-க்கு மேல் நான் போட மாட்டேன்.

அந்த வயரும் இப்போது நல்ல நிலையில் இருக்காது. தேக்குப் பட்டைமேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயர்களில் ரப்பரும் அதன்மேல் நூல் பின்னலும்தான் காப்பு. இத்தனை வருடக் கோடையில் ரப்பர் காய்ந்து, விரல் பட்டாலே உதிர்கிறது. மேலே பர்மா தேக்கு உத்தரம், பக்கத்தில் மரப்பலகை, பரணில் பழைய சாமான். வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் எலி வேறு. பீங்கான் பியூஸ் கட்டைகள் இன்னும் இருந்தால் அதையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் நியூட்ரலிலும் ஒரு பியூஸ் வைப்பார்கள். அது மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் லைனில் கரன்ட் இருக்கும்.

சரி, எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்போம். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் வந்துவிடும். ஒன்றரை டன் ஏ.சி. 7 முதல் 8, 2000 வாட் கீசர் 9, இண்டக்ஷன் அடுப்பு 9, அயர்ன் பாக்ஸ் 4, மிக்சி 3. கல்யாணத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு ஏ.சி., இரண்டு கீசர், ஒரு இண்டக்ஷன், அயர்ன், மிக்சி எல்லாம் சேர்ந்து ஓடினால் 50 ஆம்பியரை நெருங்குகிறது. இவ்வளவும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண சாமான்கள்தான்.

மூன்று பேஸ் இணைப்பு இருந்தும் எம்சிபி விழுகிறதென்றால் பங்கீடு சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். அவ்வப்போது வந்த எலெக்ட்ரீசியன்கள் கைக்கு எட்டிய லைனிலேயே புதுப் பிளக்கைக் கோத்திருப்பார்கள். முகப்பும் வளவும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) அறைகளும் ஒரே பேஸில் திணற, மற்ற இரண்டு பேஸும் சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் ஓட விட்டு டாங் டெஸ்டரால் (வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் கருவி) மூன்று பேஸையும் அளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

அப்புறம் நம் வீடுகளின் நீளம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். மீட்டர் முன்னால், அடுப்படி வீட்டின் கடைசிக் கட்டுப் பகுதியில். 150 அடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து 16 ஆம்பியர் ஓட்டினால் போகிற வழியிலேயே பத்து வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். "கிரைண்டர் இழுக்க மாட்டேங்குது தம்பி" என்று ஆச்சிமார் சொல்வதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். மீட்டர் பக்கத்திலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் லைன் ஒன்றைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தனி டி.பி. பாக்ஸ் (எம்சிபிகளை வைத்து லைன்களைப் பிரிக்கும் பெட்டி) வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி. 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 வயர், விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5 வயரும் 6 அல்லது 10 எம்சிபியும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரோ இண்டக்ஷனோ வேண்டவே வேண்டாம். மின்கசிவு வந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் அவசியம். ஆனால் அது கசிவுக்கு மட்டும்தான், ஓவர்லோடுக்கு விழாது.

இதற்காகச் சுவரைக் கொத்த வேண்டியதில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய அந்தச் சுண்ணாம்புச் சுவரை ஒருமுறை கொத்திவிட்டால் அதே வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது அரிது. பரண் வழியாகவும் பின்பக்கச் சுவர் ஓரமாகவும் பைப் ஓட்டலாம். பித்தளை மூடி போட்ட பழைய சுவிட்சுகளும் தேக்குப் பட்டையும் அப்படியே இருக்கட்டும், உள்ளே ஓடுவது மட்டும் புது வயராக இருக்கட்டும். எத்தனையோ வீடு இடிந்து, கதவும் தூணும் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. நிற்கிற வீடாவது வயரால் எரியக் கூடாது.

எம்சிபி விழாமலே நடக்கும் ஆபத்தும் உண்டு. ஸ்குரூ தளர்ந்த இடத்தில் வழக்கமான மின்சாரமே சூட்டைக் கிளப்பும். பிளக் பழுப்பேறினாலோ, கருகிய வாடை வந்தாலோ மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டை விடுதியாக மாற்றியவர்களுக்கும், தேன்குழல், சீடை போட்டு விற்கும் பலகாரக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மாவு அரைக்கும் மெஷின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள், அந்த லைனுக்கு, கிளம்பும் நொடி இழுப்புக்கு விழாத சி டைப் எம்சிபி வாங்குங்கள். சாமான் கூடினால் மின்வாரியத்தில் அனுமதித்த மின்பளுவையும் எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வரும் படைப்புக்குள் புது வயரிங் முடியாதென்றால், பந்தல் விளக்கையும் சமையல் கொட்டகையையும் வீட்டு லைனில் சேர்க்காமல் வாடகை ஜெனரேட்டரில் தனியாக ஓட்டச் சொல்லுங்கள். கீசரை மறந்துவிட்டுப் பின்கட்டில் விறகடுப்பில் வெந்நீர் போடுங்கள். ஆட்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு 500 வோல்ட் மெக்கரால் (வயர் காப்பின் தாங்குதிறனை மெகா ஓமில் அளக்கும் கருவி) ஒவ்வொரு லைனையும் சோதித்து ரீடிங்கை எழுதி வாங்குங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே எந்த லைன் காட்டுகிறதோ, அதை டி.பி.யிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். அந்த அறைக்கு அன்று விளக்கு இல்லாமல் போனாலும் பரவாயில்லை.