ஆயாவுக்குத் தீர்ப்பு எழுதுவது யார்?

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். என் அப்பா திருமணத்தின்போது திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றவர். அவருடைய அம்மா, எங்கள் ஆயா, கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர். ஆடியில் கூழ் ஊற்றுவார். கிறிஸ்துமஸுக்கு முதல் ஆளாக வந்து முறுக்குப் பிழிவார். சுனாமியில் தாயை இழந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரைத் தன் பாயிலேயே படுக்கவைத்து வளர்த்து ஆளாக்கினார். போன சித்திரையில் இறந்துவிட்டார். சென்ற மாதம் உறவினர் ஒருவர் அழைத்த நற்செய்திக் கூட்டத்துக்கு என் மகனும் போயிருந்தான். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர்கள், எவ்வளவு நல்லவர்களானாலும், அக்கினிக் கடலில்தான் இருக்கிறார்கள் என்று பிரசங்கியார் சொன்னாராம். பத்து வயதுப் பிள்ளை இரவில் எழுந்து உட்கார்ந்து, “ஆயா இப்பவும் எரியுதாம்மா?” என்று கேட்கிறான். என்ன சொல்வது? வேதத்தில் அப்படித்தான் இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆயா எரியவில்லை என்று இன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள். அவரை நரகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அந்தப் பிரசங்கியாருக்கு மட்டுமல்ல, பூமியில் எந்த மனிதனுக்கும் கிடையாது. சிலரைப் புனிதர்கள் என்று அறிவித்திருக்கும் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவர் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

ஆனால் பிரசங்கியார் அதைத் தன் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீராலும் ஆவியாலும் பிறவாவிட்டால் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்று யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதினார். 1442-ல் ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கம் அதை இன்னும் கடுமையாகச் சொன்னது. ஆனால் சிப்ரியான் யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்று பார்க்க வேண்டும். அறிந்தே சபையைப் பிளந்துகொண்டு போனவர்களோடுதான் அவருக்கு வழக்கு. கிறிஸ்துவை அறியும் வாய்ப்பே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்களைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவர்களைப் பற்றி நேராகவே பேசியது. 1964-ல் அது திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டின் 16-ஆம் எண்ணை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். தம் குற்றத்தால் அல்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டியபடி நடக்க முயல்பவர்களும் நிலைவாழ்வை அடையலாம் என்கிறது. ஆயா கிறிஸ்துமஸுக்கு வந்தவர்தானே, அறியாதவர் என்று எப்படிச் சொல்வது என்று உங்கள் உறவினர் கேட்கக்கூடும். ஒரு பெயரைக் காதால் கேட்பது வேறு, அது உள்ளே இறங்குவது வேறு. அவர் உள்ளே என்ன இறங்கியது என்பதைப் பார்க்கக் கூடியவர் ஒருவரே. மற்றச் சபைகளில் பலர் இந்த இடத்தில் எங்களோடு உடன்படமாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம். மானிட மகனாகிய கிறிஸ்து தீர்ப்பளிக்க அரியணையில் அமர்கிறார். மக்களினத்தார் எல்லாரும் முன்னால் நிற்கிறார்கள். பசித்திருந்தேன், உணவு கொடுத்தீர்கள்; அந்நியனாயிருந்தேன், சேர்த்துக்கொண்டீர்கள் என்கிறார். நீதிமான்களுக்கே திகைப்பு. ஆண்டவரே, உம்மை எப்போது அப்படிக் கண்டோம் என்று கேட்கிறார்கள். எளியவர் ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று பதில் வருகிறது. தாங்கள் யாருக்குச் சோறு போட்டோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை! இதை வாசிக்கும்போது, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தப் பாயில் படுத்திருந்த பிள்ளைகள் இருவரையும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காக, நல்லது செய்து மோட்சத்தைச் சம்பாதித்துவிட்டார் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அருளினாலே மீட்கப்பட்டிருக்கிறீர்கள், இது கடவுளின் கொடை என்று எபேசியருக்குப் பவுல் எழுதியதுதான் நம் விசுவாசம். இதே கேள்வியில் 16-ஆம் நூற்றாண்டில் பிரிந்த கத்தோலிக்கரும், மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன்களும் 1999-ல் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, நம் தகுதியால் அல்ல, அருளால்தான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆயா மீட்கப்பட்டால், பெயர் சொல்லி அவர் அழைக்காத கிறிஸ்துவின் அருளால்தான் மீட்கப்படுகிறார். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய் என்று அவர் வாயால் கேட்ட குற்றவாளியிடம் திருமுழுக்குச் சான்றிதழா இருந்தது?

அப்படியானால் தீர்ப்பும் வேண்டாம், நரகமும் வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. தீர்ப்பு இல்லையென்றால் ஏய்க்கப்பட்டவனுக்கு இந்த உலகத்துக்கு வெளியே முறையிட இடமே இல்லை. 1745-ல் புதுச்சேரிக் கோயிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியே நிறுத்த ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பெரிய குருவிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாத கடவுள் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பாட்டுப் பாடிய எங்களைப் போன்றவர்கள்தான் தீர்ப்பைப் பற்றி முதலில் நடுங்க வேண்டியவர்கள். எல்லாரும் மீட்புப் பெற வேண்டும் என்று கடவுள் விரும்புகிறார் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம். அதை நம்பி மன்றாடலாம். கணக்கைத் தீர்த்து மூடுவது நம் வேலையல்ல.

மகன் மோட்சம் எப்படி இருக்கும் என்று கேட்டால் திருவெளிப்பாடு 21-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். புதிய வானம், புதிய பூமி. கடவுளே கண்ணீரைத் துடைக்கிறார். கடலும் இல்லாமல் போயிற்று என்று அதில் ஒரு வரி வரும். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்ப் பிள்ளைக்கு அது இடிக்கும். அந்த நூலில் கொடிய விலங்கு எழும்பி வருவதே கடலிலிருந்துதான். மனிதரை விழுங்கும் கடல் இனி இல்லை என்பதே பொருள் என்று சொல்லுங்கள். சுனாமியை அறிந்த வீட்டில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் பங்குக் குருவைப் பார்த்து ஆயாவுக்காக ஒரு பூசைக்குச் சொல்லிவையுங்கள். திருமுழுக்குப் பெறாதவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு மகனை இனி அனுப்ப வேண்டாம். உறவினர் வருத்தப்பட்டால் பிள்ளை இரவில் எழுந்து உட்காருவதை அவரிடம் சொல்லுங்கள். அவரும் ஆயாவின் கையால் சாப்பிட்டவராகத்தான் இருப்பார்.