செக்குத் தேங்காய் எண்ணெய் எம்.சி.டி எண்ணெய்க்கு ஈடாகுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 22 கிலோ. பிறவியிலேயே இதயத்தில் ஒரு கீழறைதான் வேலை செய்கிறது. 5 வயதில் ஃபான்டான் ஆபரேஷன் முடிந்தது. இரண்டு மாதமாகக் காலையில் முகம் ஊதியிருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, வயிற்றோட்டமும் உண்டு. ரத்தப் புரதமான ஆல்புமின் 2.4, சிறுநீரில் புரதம் போகவில்லை. குடல் வழியாக நிணநீர் கசிகிறது, கொழுப்பைக் குறைத்து எம்.சி.டி (மிதச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் கொடுங்கள் என்கிறார் டாக்டர். அது தேங்காயிலிருந்து எடுப்பதுதானாமே, வீட்டில் இருக்கும் செக்கு எண்ணெயையே ஊற்றினால் போதாதா?
- ஒரு தாய், தக்கலை

பதில்: போதாது. ஊற்றினால் கசிவு கூடத்தான் செய்யும்.

ஃபான்டான் ஆபரேஷனில், உடலிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். இடையில் தள்ளிவிட ஒரு பம்ப் கிடையாது. அதனால் பெரிய சிரைகளில் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே நிற்கும்: மற்றவர்களுக்குச் சுமார் 5 மி.மீ. (பாதரச அளவு) என்றால் இவர்களுக்கு 10 முதல் 15. உடலின் பெரும்பகுதி நிணநீரைச் சுமந்துவரும் மார்புக் குழாய் இடது கழுத்தடியில் இதே சிரையில்தான் வந்து விழுகிறது. குளம் தளும்பி நிற்கும்போது அதில் விழ வேண்டிய ஓடை பின்வாங்கி வயலுக்குள் ஏறுமே, அந்தக் கதைதான். போதாததற்கு, அதே அழுத்தத்தால் ஈரலும் குடலும் வழக்கத்தைவிட அதிகமாக நிணநீரைச் சுரக்கின்றன. வரத்து கூடுகிறது, வடிகால் அடைக்கிறது. குடல் சுவரில் புடைத்த நிணக்குழாய்கள் உள்ளே கசிய, ஆல்புமின், நோய் எதிர்ப்புப் புரதங்கள், லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் எல்லாம் மலத்தோடு போய்விடுகின்றன.

இனி எண்ணெய்க்கு வருவோம். சாதாரண எண்ணெய், நெய், மீன் கொழுப்பு எல்லாம் நீளச் சங்கிலிக் கொழுப்பு. செரித்தபின் இவை குடலின் நிணக்குழாய் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் அங்கே ஓட்டம் பெருகும். எம்.சி.டி-யில் உள்ள சி8 (கேப்ரிலிக்), சி10 (கேப்ரிக்) அமிலங்கள் நிணநீரைத் தொடாமல் நேரே ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஏறிவிடும். தேங்காய் எண்ணெயில் இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 15 சதவீதம்தான். பாதிக்கு மேல் லாரிக் அமிலமும் மிரிஸ்டிக் அமிலமும். அவை பெரும்பாலும் நிணநீர் வழியே போகின்றன. லாரிக்கையும் 'மிதச் சங்கிலி' என்று விளம்பரத்தில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். பாட்டிலில் கேப்ரிலிக், கேப்ரிக் என்று மட்டும் போட்டிருக்க வேண்டும். லாரிக் என்று கண்டால் வாங்காதீர்கள்.

அரை டீஸ்பூன் வீதம் தினம் இரண்டு வேளை தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பதை டயட்டீஷியன் சொல்வார். வேகமாகக் கூட்டினால் இதுவே வயிற்றோட்டத்தைத் தரும். நோய் முற்றியதோ என்று பயந்துவிடுவீர்கள். தாளிக்க, பொரிக்க ஆகாது, சீக்கிரம் புகையும். கஞ்சியிலோ சோற்றிலோ இறக்கியபின் ஊற்றிப் பிசையுங்கள். இதில் உடம்புக்கு அவசியமான கொழுப்பு அமிலங்கள் இல்லை. எனவே சிறிதளவு வேறு எண்ணெய் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சமையலில் எண்ணெயைவிடத் தேங்காய்தான் பெரிய சிக்கல். ஒரு கைப்பிடி துருவல், அதாவது 30 கிராமில், சுமார் 10 கிராம் கொழுப்பு. அவியல், தீயல், துவரன், புட்டு என்று எதிலும் அது இருக்கும். மீன் குழம்பில் அரைப்பு சேர்க்கும் முன்பே பையனுக்குத் தனியாக எடுத்துவிடுங்கள். சாளையும் அயிலையும் கொழுப்பு மீன், இப்போதைக்கு வேண்டாம். வெள்ளைச் சதை மீன் நல்லது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் உப்பால் நீரைத் தேக்கும்.

புரதம் கிலோவுக்கு 2 கிராமாவது, அதாவது நாளுக்கு 44 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். மூன்று முட்டை வெள்ளைக்கரு (சுமார் 10), 100 கிராம் மீன் (20), ஆடை நீக்கிய பால் 400 மி.லி. (14), வேகவைத்த சிறுபயறு 100 கிராம் (7) சேர்ந்தால் 51 வந்துவிடும். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், புரதம் தராது.

ஆனால் உணவு மட்டும் இதைத் தீர்க்காது. கசிவு என்பது அந்தச் சுற்றோட்டம் திணறுகிறது என்பதற்கான அறிகுறி. இணைப்புக் குழாய் சுருங்கியதா, வால்வு ஒழுகுகிறதா, இதயத் துடிப்பு பிசகுகிறதா என்று ஆபரேஷன் செய்த மையம் எக்கோவும், தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியே குழல் செலுத்தும் கதீட்டர் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டும். மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் (குடலில் புரதம் கசிவதைக் காட்டும்), ரத்தத்தில் ஐஜிஜி (நோய் எதிர்ப்புப் புரதம்), கால்சியம், வைட்டமின் டி அளவுகளைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புடசோனைட் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியிருந்தால் முகம் தெளிந்தது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிணக்குழாய்களை எம்.ஆர்.ஐ-யில் பார்த்து, கசியும் இடத்தை அடைக்கும் முறையும் சில பெரிய மையங்களில் உண்டு.

வீங்கிய காலை யாரிடமும் எண்ணெய் போட்டுத் தடவ விடாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கப் பலர் வார்ஃபரினோ ஆஸ்பிரினோ சாப்பிடுகிறார்கள்.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்தபின், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு கிலோ ஏறினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், கை கால் இழுப்பு, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருமலில் மரக்கிளை போல ரப்பர்த் துண்டு வந்தாலும் அப்படித்தான். அது நுரையீரல் பக்கம் நிணநீர் கசிந்து உறைந்தது. தூக்கி எறியாமல் சுத்தமான டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.