மீனைப் படித்து என்ன வேலை?

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

மருத்துவ பீடத்துக்குப் போக, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி போதவில்லை, பிள்ளையோ மீனைப் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், மூன்றாம் தடவையும் உயர்தரம் எழுத வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. அவள் கேட்பது மீன் மூளையிலுள்ள ஒரு நொதியத்தைப் பற்றிய படிப்பு.

அசிற்றைல்கோலினெஸ்தரேஸ் என்று பெயர். நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிற்றைல்கோலினை, வேலை முடிந்ததும் உடைத்து அகற்றுவது இதுதான். வயலுக்கு அடிக்கும் ஓகனோபொஸ்பேற், காபமேற் வகைப் பூச்சிமருந்துகள் இதை முடக்கிவிடும். ஓகனோபொஸ்பேற் பல, குளத்து நீரில் சில நாட்களில் சிதைந்துவிடலாம். மீனின் மூளையில் நொதியம் மீள வாரக்கணக்கில் ஆகும். நீரில் மருந்து மறைந்த பிறகும் மீனில் தடயம் இருக்கும், அதனால்தான் மீனைப் பிடிக்கிறார்கள்.

திலாப்பியாவின் மண்டையைத் திறந்து, கச்சான் பருப்பளவு மூளையை ஐஸ் மேல் வைத்து அரைப்பார்கள். எல்மன் என்ற விஞ்ஞானி 1961இல் வெளியிட்ட முறைப்படி அந்தச் சாற்றில் வினைபொருள் சேர்த்தால் மஞ்சள் ஏறும். 412 நனோமீற்றரில் ஒளிமானி அதன் வேகத்தை அளக்கும். மஞ்சள் மந்தமாக ஏறினால் நொதியம் முடங்கியிருக்கிறது. உடனே பூச்சிமருந்தின் மேல் பழி போடவும் கூடாது. நீரின் வெப்பமும் பார உலோகங்களும்கூட அளவை மாற்றும். தூய நீரில் வளர்ந்த மீனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாய் திறக்கலாம். பூச்சிமருந்து நஞ்சேறி ஆஸ்பத்திரிக்கு வருபவரின் இரத்தத்தில் பார்ப்பதும் இதே குடும்ப நொதியத்தைத்தான். நீங்கள் ஆசைப்பட்ட வெள்ளைக் கோட்டு எப்படியும் அவளுக்குக் கிடைக்கும்!

வேலை விடயத்தில் இனிப்பாகப் பேசமாட்டேன். காக்கைத்தீவில் நாரா என்ற நீர்வள ஆராய்ச்சி நிறுவனம், பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்று இருந்தாலும் இடங்கள் குறைவு. ஆனால் இந்தக் கைப்பழக்கம் உணவு, மருந்து, நீர்ப் பரிசோதனைக்கூடங்களிலும் செல்லும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகவேண்டும். அதற்கு முதல் வருடத்திலிருந்தே புள்ளி முக்கியம். விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான், இரசாயனவியலில் அல்ல. ரியூஷனுக்கு ஒதுக்கிய காசை இப்போதே ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு திலாப்பியா வாங்கி, மூளையைச் சிதையாமல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் என்னிடம் அழைத்து வாருங்கள், வேறு பாடம் பேசுவோம். இன்னொரு மீன் கேட்டால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உயிரியல் விஞ்ஞானப் பாடநெறியை மேலே போடட்டும்.