கோப்பு இருக்கு, தேடினால் வரேல்லை: கேள்வி பதில்

ஒட்டுசுட்டானிலிருந்து: அண்ணை, சங்கத்தின்ரை கூட்டக் குறிப்பு பத்து வருசத்தது வேர்ட் கோப்பாக் கிடக்கு. திறந்தால் தமிழ் வடிவாத் தெரியுது. 'குளம்' எண்டு தேடினால் ஒண்டும் வரேல்லை.

அது பாமினியில் அடிச்சது, தம்பி. பாமினி ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற எழுத்துரு. நீங்கள் 'அம்மா' என்று பார்ப்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தேடுவதோ, தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியுள்ள யூனிகோட் முறையில் அடிச்ச 'குளம்'. பிறகு எங்கே பொருந்தும்?

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுங்கோ. அந்தப் பிரதியில் பாமினிப் பந்திகளை மட்டும் யூனிகோட் மாற்றியில் போடுங்கோ. முழுக் கோப்பையும் கொட்டினால் ஆங்கிலப் பெயரெல்லாம் குப்பையாகும். கணக்குப் பகுதியில் இன்னும் கவனம்: பாமினியில் கமா விசைதான் 'இ'. வேறு எழுத்துருவில் அடிச்ச 12,500 ரூபா, மாற்றினால் '12இ500' என்று வந்து நிற்கும்.

அவரே: மாத்திப் பாத்தன். 'கொக்கிளாய்' மட்டும் இன்னும் அம்பிடேல்லை.

'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு. பிழையான 'கொ'வை அந்தக் கோப்பிலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, புதிதாக அடிச்ச 'கொ'வால் மாற்றுங்கோ. 'கோ', 'மொ', 'போ' எல்லாத்துக்கும் அப்படித்தான். 'கௌ' வரிசையை மட்டும் மொத்தமாக மாற்றப் போகாதேங்கோ. அதன் பின்பாதி 'ள' மாதிரியே இருக்கிறதால், கொம்புக்குப் பின்னால் 'ள' வருகிற இடமெல்லாம் மாறி, 'வெள்ளம்' சிதைஞ்சு போகும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: காணி பெர்மிட், பிறப்புப் பத்திரம், பழைய படங்கள். எப்படி எடுத்து வைக்கிறது?

ஸ்கான் பண்ணேக்கை பத்திரத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், சின்னப் படத்துக்கு 600. பெயரைத் திகதியோடு தொடங்குங்கோ: 2014-06-03-காணி-பெர்மிட். அப்பதான் தானாகவே வரிசையில் நிற்கும். 'ஸ்கான்1' என்று வைச்சால் அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிப் போடும்; டொக்கியுமென்டாக அனுப்புங்கோ, அக்கா. மூன்று பிரதி வேணும்: கணினியில் ஒன்று, எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் வவுனியாவில் சொந்தக்காரர் வீடோ கூகுள் டிரைவோ. டிரைவில் இலவசம் 15 ஜிபி, மின்னஞ்சலும் அதுக்குள்ளைதான். ஸ்கான் இருக்கு என்று மூலப்பத்திரத்தை மட்டும் விட்டுடாதேங்கோ.

மாங்குளத்திலிருந்து: பென்டிரைவ் ஒண்டு காணாதோ?

காணாது.

கிளிநொச்சியிலிருந்து: கரண்ட் நிண்டு வந்தாப் பிறகு எக்ஸ்டேர்னல் டிஸ்க் 'போர்மட் பண்ணவா' எண்டு கேக்குது.

வேண்டாம் என்று குடுங்கோ. டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே கழற்றி, திருத்துகிறவரிடம் குடுங்கோ; ஓட ஓடத்தான் சேதம். சத்தமில்லையென்றால் டெஸ்ட்டிஸ்க், அது சரிவராவிட்டால் போட்டோரெக், இரண்டும் கோப்பு மீட்கிற இலவச மென்பொருள். மீட்கிற கோப்பை அதே டிஸ்க்கில் எழுதாமல் இன்னொன்றில் எழுதுங்கோ. போட்டோரெக் பழைய பெயர்களைத் திருப்பித் தராது, பிரிச்சு அடுக்கப் பொறுமை வேணும். இனிமேல் எழுதி முடிஞ்சதும் முறையாக 'இஜெக்ட்' குடுத்துக் கழற்றுங்கோ, மின்னல் நேரத்தில் செருகியே வைக்காதேங்கோ.

வவுனியாவிலிருந்து: டிஸ்க் துலைஞ்சால் ஆரும் பார்ப்பினமோ?

டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுகிற வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பூட்டினால் பார்க்க ஏலாது. கடவுச்சொல்லை மறந்தால் நீங்களும் பார்க்க ஏலாது, மீட்க வழியே இல்லை. தாளில் எழுதி, டிஸ்க் இருக்கிற அலுமாரியில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கோ. தொலைபேசிக்குக் குறியீடு வராத நேரத்தில் பாவிக்கக் கூகுள் தருகிற பத்து மாற்றுக் குறியீடுகளையும் அச்செடுத்து அதோடேயே வைச்சால், சிம் துலைஞ்ச அன்றைக்கும் கணக்குக்குள் போகலாம்.