நான்கு தடவை படித்தும் மறந்துபோகிறதே, ஏன்?

போட்டித் தேர்வுப் பாடத்தை நான்கு தடவை படித்தும் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது, ஞாபகசக்தி குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம் நண்பரே, மாற்ற வேண்டியது படிக்கும் முறையைத்தான்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு உரைநடைப் பகுதியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்கள் நினைவுகூர்ந்தது 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இத்தனைக்கும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்! திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே 'தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதுங்கள். திணறினாலும் உடனே புரட்டிப் பார்க்காதீர்கள், அந்தத் திணறலில்தான் பலன் இருக்கிறது. அப்புறம் விட்டதைச் சரிபாருங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் எழுதுங்கள். முதலில் உங்களுக்கு மிகவும் சிரமமான பாடத்தில் தொடங்குங்கள்.