ஜெர்மனியில் குப்பைக் கணக்கு: திருப்பூர் அம்மிணிக்கு ஒரு பதில்

கல்யாணமாகி ஸ்டுட்கார்ட் பக்கம் புதிதாக வந்திருக்கும் திருப்பூர்ப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, வீட்டுக்குக் கீழே நாலு கலரில் குப்பைத் தொட்டி. எதையோ மாற்றிப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது, படியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஹீட்டரைக் குறை, தண்ணீரைக் குறை, சத்தத்தைக் குறை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம். இவர்கள் பிறவியிலேயே இப்படியா? நாங்கள் எப்படிப் பழகுவது?"

அம்மிணி, பிறவிக்குணமெல்லாம் ஒன்றுமில்லை. காசுதான். நம்ம ஊர்க்காரர்களுக்கு டக்கென்று பிடிபடுகிற விஷயம். இங்கே கேட்டால் சுற்றுச்சூழல் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் புதிதாக வந்தவர்களுக்குக் காசு வழியாகப் போனால்தான் சீக்கிரம் புரியும்.

முதலில் அந்த நோட்டீஸ். நீலம் காகிதத்துக்கு, மஞ்சள் பேக்கிங் உறைகளுக்கு, பழுப்பு சமையல் கழிவுக்கு, கறுப்பு மிச்சம் மீதிக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், சில இடங்களில் மஞ்சள் தொட்டிக்குப் பதில் மஞ்சள் பை. இதில் கறுப்புத் தொட்டிதான் பெரிய செலவு. தொட்டியின் அளவுக்குத் தக்க கட்டணம், அதை வாடகையோடு சேர்ந்த உபரிச் செலவில் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுகிறோம். மஞ்சளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, உறை போட்டு விற்கிற கம்பெனிகளே அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று 1991-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். (கம்பெனிக்காரன் அதைப் பொருளின் விலையில் ஏற்றாமலா இருப்பான்?) பழுப்புத் தொட்டியில் பிளாஸ்டிக் பை கிடந்தால் வண்டிக்காரர் தொடாமல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அது மிச்சக் குப்பைக் கணக்கில் தனியாகக் காசு கொடுத்துத்தான் போகும். நோட்டீஸ் ஒட்டியவருக்கு உன்மேல் கோபம் இல்லை, தன் பங்கு ஏறிவிடுமே என்ற வெசனம்.

காய்கறிக் கழிவைச் செய்தித்தாளில் பொதிந்து போடு. மக்கும் பை என்று கடையில் விற்கிறதே, அதைக்கூடப் பல ஊர்களில் வேண்டாம் என்கிறார்கள், உரக்கிடங்கில் போதுமான வேகத்தில் மக்குவதில்லையாம். நோம்பிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதே. ஆறவிட்டு, மூடி உள்ள பாட்டிலில் அடைத்துக் கறுப்புத் தொட்டியில் போடு.

பாட்டில் என்றதும் நினைவு வருகிறது, தண்ணீர் பாட்டிலை நசுக்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம், 2003-லிருந்து. திரும்பக் கழுவி நிரப்புகிற பியர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட், மினரல் வாட்டர் பாட்டிலுக்கு 15. சூப்பர் மார்க்கெட் வாசலில் சுவரில் ஒரு பொந்து மாதிரி மெஷின் இருக்கும். அடிப்பக்கம் முன்னால் போகிற மாதிரி பாட்டிலைப் படுக்க வை. அது ஒரு சுற்றுச் சுற்றி பார்கோடைப் படிக்கும், நசுங்கியிருந்தால் படிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடும். முடிந்ததும் பட்டனை அமுக்கினால் சீட்டு வரும், பில் போடும்போது கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். தெருவில் குடித்து முடித்த பாட்டிலைப் பலர் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பதைப் பார்த்திருப்பாய். அதைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தொட்டிக்குள் கையை விட வேண்டாமே என்றுதான். பணக்கார நாட்டில் அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு இது புதுசும் இல்லை. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற திட்டம் 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்துப் பிறகு கோவைக்கும் வந்தது. காட்டோரம் உடைந்து கிடக்கிற கண்ணாடி யானைக் காலில் ஏறுகிறது என்றுதான் பேச்சு தொடங்கியது. பாட்டிலை வீசாதே என்று எத்தனை போர்டு வைத்தும் நடக்காதது 10 ரூபாயில் நடந்தது.

தண்ணீரைப் பற்றித் திருப்பூர்க்காரிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் சென்னிமலைப் பக்கம், நொய்யல் ஆற்றில் உங்கள் ஊருக்குக் கீழே. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்கென்று கட்டியது. அதில் வந்து நின்றது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீர். எங்கள் பக்கத்துத் தென்னைகள் எப்படி இருந்தன என்று உன் மாமியாரைக் கேள், அவர்களுக்கும் அந்தப் பக்கம் ஒறம்பரை இருப்பார்கள். விவசாயிகள் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. இன்றைக்கு அங்கே சாயத் தண்ணீரை சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கி, 90 சதவீதத்துக்கு மேல் திரும்பவும் பட்டறைக்கே எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் தங்குகிற கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான். ஆனால் இங்கே குழாய்த் தண்ணீருக்கு ஒரு விலை, அதே தண்ணீர் சாக்கடைக்குப் போவதற்கு இன்னொரு விலை என்று பில்லில் பார்க்கும்போது, கழிவுக்கும் விலை வைத்தால்தான் குறையும் என்பதை நம்ம ஊர் எவ்வளவு பாடுபட்டுக் கற்றது என்று எனக்குத் தோன்றும்.

ஹீட்டருக்கும் அதே கதை. சூடாக்கும் செலவில் குறைந்தது பாதி, அதிகபட்சம் 70 சதவீதம், உன் வீட்டு மீட்டர்படி வரும் என்று விதியே இருக்கிறது. திருகில் 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, அளவு தாண்டித்தான் போகும். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைக்காதே. நம்ம சமையல் ஆவி, உள்ளே உலர்த்துகிற துணி இரண்டும் சேர்ந்தால் சுவர் மூலையில் பூஞ்சை பூக்கும். ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களை அகலத் திறந்து, அஞ்சு பத்து நிமிஷத்தில் மூடிவிடு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு இவர்கள் ஏதோ மகான்கள் என்று நினைத்துவிடாதே. பிரிப்பது வேறு, குறைப்பது வேறு. வெள்ளரிக்காய்க்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை போட்டு விற்கிற நாடு இது. ஆள் கணக்குப் பார்த்தால் ஐரோப்பிய சராசரியைவிட உறைக் குப்பை இங்கே அதிகம். எங்கள் ஆத்தா வீட்டில் குப்பைத் தொட்டியே இருந்ததில்லை, போடுவதற்கு எதுவும் இருந்தால்தானே. சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போனது, பழைய புடவை தொட்டிலானது. உங்கள் ஊரிலேயே பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் வீணாவதில்லை, கொஞ்சம் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கப் போகிறது, மிச்சம் ஓஇ (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் திரும்பப் பஞ்சாகி நூலாகிறது. இங்கே கடையில் மறுசுழற்சிப் பருத்தி என்று கூடுதல் விலைக்குத் தொங்குகிற டீ-சர்ட்டின் நூல் பல்லடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம், புது வீட்டுக்கு எல்லாவற்றையும் கடையில் வாங்காதே. வீட்டு வாசலில் "எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி ஒரு பெட்டியை வைத்திருப்பார்கள். தட்டு, புத்தகம், பிள்ளைகள் சாமான், சில நேரம் நல்ல நாற்காலி. எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, டாக்டர் வீட்டம்மாவும் எடுப்பார்.

சத்தம் மட்டும் காசில் அடங்காது. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை, ஞாயிறு முழுக்க, அமைதி. கண்ணாடி பாட்டிலைப் பொதுத் தொட்டியில் போடுவதுகூட ஞாயிற்றுக்கிழமை கூடாது, அந்தச் சத்தத்துக்கே புகார் வரும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கோயமுத்தூர் கிரைண்டர் ஒன்று கொண்டு வா, கரண்ட் அங்கே போலவே 230 வோல்ட்தான், கன்வெர்ட்டர் வேண்டாம். அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டு, சனிக்கிழமை காலையில் மாவை ஆட்டி முடித்துவிடு.