ஜப்பானியக் குயவர்களின் கிண்ணத்தோடு வரும் மரப்பெட்டிக்கு ஏன் இத்தனை மதிப்பு?

அந்தப் பெட்டிக்குப் பெயர் தோமோபாகோ. குயவரே பாத்திரத்தின் பெயரையும் தம் பெயரையும் தூரிகையால் எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பது. பெரும்பாலும் ஜப்பானில் கிரி என்று சொல்லும் பவுலோனியா மரம். எடை குறைவு, ஈரத்தையும் தாங்கும்.

எல்லாக் குயவரும் பாத்திரத்தில் பெயர் பொறிப்பதில்லை. 1955இல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவிக்கப்பட்ட ஹமாடா ஷோஜி, மாஷிகோ என்ற ஊரில் செய்தவற்றில் பொதுவாகக் கையெழுத்துப் போடவில்லை. அங்கே பெட்டிதான் சாட்சி. நம்மூரில் நிலத்துக்குத் தாய்ப் பத்திரம் மாதிரி. பத்திரம் தொலைந்தாலும் நிலம் நிலம்தான், ஆனால் விற்கப் போகும்போது அருமை தெரியும்!

சரி, பெட்டி இருந்தால் அசல்தானே என்றால், இல்லை. அசல் பெட்டிக்குள் வேறு கிண்ணத்தை வைத்தும் விற்பார்கள், அதனால் அளவு பொருந்துகிறதா, எழுதியிருப்பது உள்ளே இருப்பதைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள்.